உலகம்மை கடைக்கு வழி

"டீச்சர், ஒரு டிசைன் எப்ப முடியும்?"

செருப்பைக் கழற்றிய கையோடு அருளப்பன் கேட்டார்.

சபூரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த டிசைன், அண்ணாச்சி?"

"பொதுவாத்தான் கேக்கேன். எனக்கு ஐடியாவுக்குப் பஞ்சமில்ல. குளிக்கும்போது வருது. பஸ்ல வருது. கோயில்ல முழங்கால் போட்டா அங்கயும் வருது. ஆனா ஒண்ணும் முடிய மாட்டேங்கு. முடிக்கப் போற நேரத்துல அதைவிட நல்லதா ஒண்ணு வந்து நிக்குது."

"சரி."

"சரின்னா?"

"ஐடியா வருதுன்னு சொன்னீங்க. சரின்னேன்."

இந்தக் கதையில் குருவுக்கு வயது குறைவு, நரையெல்லாம் சீடனுக்குத்தான். அருளப்பன் நெடுங்காலம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக, டாக்டர்களின் அறை வாசலில் பையும் கையுமாகக் காத்துக் கிடந்தவர். காத்திருந்த நேரமெல்லாம் மருந்து விளம்பர அட்டைகளின் பின்பக்கத்தில் படம் போட்டார். ஐம்பதை நெருங்கும்போது, இனி படம்தான் பிழைப்பு என்று வேலையை விட்டார். மனைவி ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

சபூரா பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் டிசைன் ஸ்டுடியோ வைத்திருந்தார். பஜாரில் நடந்தால் அவர் செய்த போர்டு ஒன்றாவது கண்ணில் படும். அருளப்பன் அங்கே கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். "நம்ம வேலை ஒண்ணே ஒண்ணு ரோட்டுல தொங்கட்டும். அப்புறம் நான் டிசைனர்னு தைரியமா சொல்லிக்கிடுவேன்" என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

இன்னும் ஒன்றும் தொங்கவில்லை.

சபூராவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கடை போர்டாக இருந்தாலும் பிரஸ்ஸுக்கு அனுப்புமுன் தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். ரோட்டைத் தாண்டி எதிர் காம்பவுண்டுச் சுவரில் அதை ஒட்டுவார். இந்தப் பக்கம் திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று பார்ப்பார். பஸ் வந்து மறைத்தால் அது போகும்வரை நிற்பார். பிறகு மாடி ஏறி வந்து எதையாவது அழிப்பார். எதையாவது சேர்த்ததாக அருளப்பனுக்கு நினைவில்லை.

அருளப்பனுக்கு இதெல்லாம் கொஞ்சம் ஷோ காட்டுகிற மாதிரித்தான் பட்டது. மேஜை நிறைய பெரிய திரை இருக்கிறது. வேண்டிய மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இதற்கு எதற்கு வெயிலில் போய் நிற்க வேண்டும்?

"பிரம்மநாயகம் அண்ணன் போர்டு என்னாச்சு?" என்று சபூரா கேட்டார்.

வலிக்கிற இடத்தில்தான் கை பட்டது.

பிரம்மநாயகம் அருளப்பனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். தெற்கு பஜாரில் கருப்பட்டிக் காப்பிக் கடை ஒன்று திறந்திருந்தார். போன வருஷம் காலமான அம்மா உலகம்மையின் பெயரைத்தான் கடைக்கு வைத்தார். "போர்டு நீதாம்ல செய்யணும். வேற எவன்கிட்டயும் நான் போக மாட்டேன்" என்று சொல்லி, கடை நெற்றியில் இரும்புச் சட்டத்தையும் அடித்து வைத்தார். தை மாதம் நல்ல நாள் பார்த்துக் கடை திறந்தாயிற்று. இப்போது சித்திரை. சட்டம் மட்டும் வெறுமனே நிற்கிறது. காக்கைகளுக்கு உட்கார வசதி.

வழக்கமாக டிசைனர் கொண்டுபோவதை வாடிக்கையாளர் உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்புவார். இங்கே கதை தலைகீழ். முதலில் அருளப்பன், டம்ளரிலிருந்து எழும் ஆவியே எழுத்தாக வளைகிற மாதிரி ஒன்று செய்தார். "நல்லாருக்குல. போட்டிரு" என்றார் பிரம்மநாயகம். மறுநாள் காலையில் அருளப்பனே போன் போட்டு, அது வேண்டாம், அதைவிட நல்லது கிடைத்திருக்கிறது என்றார். அடுத்தது பனைமரம் வளைந்து 'உ' ஆகிற படம். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. போடு." அதையும் அருளப்பனே வாபஸ் வாங்கினார். பிறகு தாமிரபரணியே காப்பியாக ஓடியது. அதுவும் வற்றியது.

"நேத்து ஒண்ணு தோணிச்சு டீச்சர்" என்று அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எழுத்து பூராவும் காப்பிக் கொட்டையால அடுக்கினா எப்படி இருக்கும்? ஒவ்வொரு கொட்டைக்கும் தனித்தனியா நிழல் குடுத்து…"

"அந்தக் கடைக்கு நான் போகணும்" என்றார் சபூரா.

"தாராளமா."

"எப்படிப் போகணும்?"

"தெற்கு பஜார்ல நேரா போங்க. இடது கைப்பக்கம் ஒரு மெடிக்கல் வரும். அதுக்கடுத்து தையல் கடை. தையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவுல பச்சை ஷட்டர். அதான்."

"ஷட்டர் திறந்திருந்தா?"

"திறந்திருந்தா பச்சை தெரியாது." அருளப்பன் யோசித்தார். "காப்பி வாசம் வரும்."

"எனக்குச் சளி பிடிச்சிருந்தா?"

அருளப்பன் சிரித்துவிட்டார். "யார்கிட்டயாவது கேளுங்க டீச்சர்."

"என்னன்னு கேக்க?"

"பிரம்மநாயகம் கடைன்னு… அவனை அங்க யாருக்கும் அவ்வளவா தெரியாது. புது ஆளுல்லா. உலகம்மை கடைன்னு கேளுங்க."

"சரி" என்று சபூரா தன் வேலைக்குத் திரும்பினார்.

அருளப்பன் காத்திருந்தார். சபூரா ஒரு ஜவுளிக் கடை போர்டில் பூக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?"

"என்ன கேட்டீங்க?"

"ஒரு டிசைன் எப்ப முடியும்னு."

"அதைத்தானே இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

அருளப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரிந்தால் தெரியும் என்று சொல்ல வேண்டியதுதானே, இந்தச் சுற்றி வளைக்கிற வேலை எதற்கு என்று முனகிக்கொண்டே தன் மேஜைக்குப் போனார். காப்பிக் கொட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். 'உ' முடிவதற்குள் மதியமாகிவிட்டது. 'ல' வரும்போது, கொட்டைக்குப் பதில் கருப்பட்டியைச் செதுக்கினால் என்ன என்று தோன்றியது.

அந்த வாரத்திலேயே ஒருநாள், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரம், மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. பிரம்மநாயகம் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை.

"ஏல அருளப்பா, அப்பாவக் காணோம்ல."

அவருடைய அப்பா சங்கரலிங்கம். மனைவி போன பிறகு அம்பாசமுத்திரத்து வீட்டில் தனியாக விட முடியாமல் மகன்தான் இங்கே கூட்டி வந்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பெரியவருக்கு ஞாபகம் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. காலையில் பேப்பர் வாங்க முக்குக் கடைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

"போன் எடுத்துட்டுப் போகல. மாத்திரையும் போடல. சுகர் இருக்குல அப்பாவுக்கு. எங்கயாவது மயங்கிக் கிடந்தா எவனுக்குத் தெரியும்?" பிரம்மநாயகம் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஸ்டேஷன்ல சொல்லியாச்சு. நோட்டீஸ் ஒண்ணு அடிச்சு ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாம் ஒட்டுங்கன்னாங்க."

அருளப்பன் சபூராவைப் பார்த்தார்.

சபூரா எழுந்தார். பெரிய திரைக்கு முன்னால் இருந்த தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, அருளப்பனுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

அருளப்பன் உட்கார்ந்தார்.

பிரம்மநாயகத்தின் போனில் ஒரே ஒரு படம்தான் முகம் தெளிவாக இருந்தது. ஏதோ கல்யாண வீட்டில் எடுத்தது. பெரியவரும் உலகம்மையும் சேர்ந்து நிற்கிறார்கள். அருளப்பன் பெரியவரை மட்டும் வெட்டி எடுத்தார். தோள்மீது உலகம்மையின் வளையல் போட்ட கை மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கையை அழிப்பதற்கு அரைநாள் ஓடியிருக்கும். அன்றைக்குக் கண் அதைப் பார்த்தது, மவுஸ் பிடித்த கை நிற்கவில்லை.

காணவில்லை. பெயர். நீலக் கோடு போட்ட சட்டை, வேட்டி. போன் நம்பர்.

பிரிண்ட் வெளியே வந்ததும் சபூரா அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"டீச்சர், இப்பப் போயா!" என்று அருளப்பன் கத்தினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். சபூரா ரோட்டைத் தாண்டினார், ஒட்டினார், திரும்பி ஓடி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார். நிமிர்ந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நம்பர் தெரியல அண்ணாச்சி! மூஞ்சி பெருசா வேணும்!"

அருளப்பன் பெயரைச் சின்னதாக்கினார். ஓரத்தில் கை பழக்கத்தில் போட்டிருந்த கோட்டை எடுத்தார். முகமும் நம்பரும் தாளை அடைத்துக்கொண்டு நின்றன. அடுத்த பிரிண்டைப் பிரம்மநாயகமே எடுத்துக்கொண்டு ஓடினார். இந்தத் தடவை சபூரா கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

பிரம்மநாயகத்துக்குக் கொடுத்த தண்ணீர் மேஜைமேல் தொடாமல் இருந்தது. அதற்குள் வேலை முடிந்திருந்தது.

கீழே ஜெராக்ஸ் கடையில் தாள் தாளாக உருவி எடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஒட்டினார்கள். போனிலும் அனுப்பினார்கள். ஜெசிந்தா தன் ஜெபக் குழுவுக்கு அனுப்பினாள். சபூராவின் அம்மா மேலப்பாளையம் முழுக்க அனுப்பினார்.

மூன்று மணி போல அழைப்பு வந்தது. வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர். "நோட்டீஸ்ல இருக்கிற அதே மூஞ்சி. பஞ்சர் கடைப் பக்கத்துல வேப்ப மரத்தடியில உக்காந்திருக்காரு. நான் பக்கத்துலயே நிக்கேன், பதறாம பைய வாங்க."

பைய எங்கே போவது? பிரம்மநாயகம் வண்டியைக் கிளப்பினார். அருளப்பன் பின்னால் ஏறிக்கொண்டார். பாதி வழி வரைக்கும் பிரம்மநாயகம் அழுதுகொண்டே ஓட்டினார், அருளப்பன் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார்.

பெரியவர் ஒரு பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர், மடிப்புக் கலையாமல் இருந்தது. உதடு வறண்டிருந்தது. யாரோ வாங்கிக் கொடுத்த இளநீர் பக்கத்தில் இருந்தது. பயந்தவர் மாதிரித் தெரியவில்லை, நல்ல கோபத்தில் இருந்தார்.

"எங்கப்பா போனீங்க?" என்று பிரம்மநாயகம் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்கல போனேன்? பேப்பர் வாங்கிட்டுத் திரும்பினேன். எந்தக் கடைன்னு தெரியல. எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு. சரி, கேப்போம்னு கேட்டேன். உலகம்மை கடை எங்க இருக்குன்னு கேட்டேன்."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"அந்த பஜார்லயே கேட்டேன்ல! ஒருத்தன் தெரியாதுங்கான். ஒருத்தன் அந்தப் பேர்ல இங்க கடையே கிடையாதுங்கான். அங்கிட்டுப் போய்க் கேளுங்க தாத்தான்னு ஒருத்தன் அனுப்பினான். அங்கிட்டுப் போனேன். அங்க ஒருத்தன் இன்னும் அங்கிட்டுங்கான். போயிக்கிட்டே இருந்தேன்."

பெரியவர் மகனின் முகத்தை உற்றுப் பார்த்தார். கோபம் இறங்கி, குரல் தணிந்தது.

"ஏல, உண்மையச் சொல்லு. அம்மா பேர்ல கடை வச்சிருக்கியா? இல்ல, என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பொய் சொன்னியா?"

"வச்சிருக்கேம்ப்பா. சத்தியமா வச்சிருக்கேன். போர்டு மட்டும்…"

பிரம்மநாயகம் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அருளப்பன் பக்கம் திரும்பவில்லை. நண்பன் திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அருளப்பன் தாங்கியிருப்பார். பனைமரமும் ஆறும் ஆவியும் காப்பிக் கொட்டையும் கண்முன்னால் வந்து போயின. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இந்த மனிதருக்கு உதவவில்லை. வெட்கமாக இருந்தது.

பெரியவரை ஆட்டோவில் ஏற்றி மகனும் கூடவே போனார். அருளப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெகுதூரம் நடந்தார். ஓட்டிப் போகலாம் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் சபூரா வந்தபோது ஸ்டுடியோ திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எதிர்ச் சுவரில் 'உலகம்மை' என்று எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில், ஆபீஸுக்குப் போகிறவர்கள் நடுவில், அருளப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

சபூராவும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

பஸ் வந்து மறைத்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"நேத்து நோட்டீஸ்ல என்ன ஃபாண்ட் போட்டீங்க, அண்ணாச்சி?"

அருளப்பன் யோசித்துப் பார்த்தார். "ஞாபகம் இல்ல டீச்சர்."

"படத்துல மூலையில ஒரு கை இருந்துச்சு."

"பாத்தேன்."

"ம்."

பஸ் நகர்ந்தது. அருளப்பன் மாடியேறிப் போனார். டம்ளருக்கு மேலே ஆவி இருந்தது, அதை அழித்தார். பனை ஓலைப் பின்னல் போலப் போட்டிருந்த ஓரத்தையும் அழித்தார். மறுபடி கீழே போய் ஒட்டிப் பார்த்தார். மறுபடி வந்தார். கடைசியில் கருப்பட்டி நிறத்தின்மேல் வெள்ளையில் 'உலகம்மை' என்ற பெயரும், அதன் கீழே 'கருப்பட்டிக் காப்பி'யும், பக்கத்தில் ஒரு டம்ளரும் மிஞ்சின. டம்ளர் அவர் முதன்முதலாகப் போட்ட அதே டம்ளர்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது விரல் ஒரு நிமிஷம் நின்றது. வழக்கம் போல அதைவிட நல்லது ஒன்று வந்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டு அனுப்பினார்.

போர்டு ஏறிய மறுநாள் காலையில், சபூராவும் அருளப்பனும் தெற்கு பஜாருக்குப் போனார்கள். கடைக்கு எதிர்ப் பக்கம், பூக்காரி கூடைக்குப் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

சபூரா நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அருளப்பனுக்குக் கை பரபரத்தது. "டீச்சர், அந்த 'க'வுக்கும் 'ம்'முக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம்…"

"அண்ணாச்சி. அங்க பாருங்க."

முக்கில் பெரியவர் வந்துகொண்டிருந்தார், பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. கொஞ்சம் தள்ளி, அவருக்குத் தெரியாமல், பிரம்மநாயகம் பின்தொடர்ந்து வந்தார்.

பெரியவர் நடந்து வந்து இவர்களுக்கு நாலடி தள்ளி நின்றார். எதிர்ப் பக்கத்துக் கடைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெடிக்கல். தையல் கடை. முகத்தில் குழப்பம் கூடியது. யாரையோ கூப்பிடுவதற்காகக் கையைத் தூக்கினார்.

பின்னால் பிரம்மநாயகம் ஓர் அடி எடுத்து வைத்தார். சபூரா தலையசைத்து அவரை நிறுத்தினார்.

பெரியவரின் கண் மேலே போனது. உதடு அசைந்தது.

"உ… ல… கம்… மை."

இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை எழுத்துக் கூட்டவில்லை. வீட்டுக்குள் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார்.

தூக்கிய கையை இறக்கினார். மினி பஸ் ஒன்று கடந்து போகும்வரை நின்றார். பிறகு ரோட்டைத் தாண்டி, யாரையும் ஒன்றும் கேட்காமல், கடைக்குள் போனார்.